ஊசியை எண்ணிப் பாருங்கள்

செடி வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. ஒரு கிளையை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இது என்ன செடிங்க, பார்த்துச் சொல்லுங்க" என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் நானும் என் வீட்டுக்காரரும் நர்சரி வைத்திருக்கிறோம். இரண்டாவது வகை ஆட்கள் வந்துவிட்டால், தண்ணீர் விடுகிற வேலையைத் தம்பிகளிடம் கொடுத்துவிட்டு நான் முன்னால் வந்துவிடுவேன். திருச்சியில் தாவரவியல் படித்ததற்கு அந்த நேரத்தில்தான் முழுப் பலன் கிடைக்கிறது.

போன கோடையில் அப்படி வந்தவர், அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு சார். சில வருஷம் இமாச்சலப் பிரதேசத்தில் இருந்துவிட்டு மாற்றலாகி வந்திருந்தார். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, ஒரு தொட்டியை மட்டும் ரயிலில் கையோடு கொண்டுவந்திருக்கிறார். முழங்கால் உயரச் செடி. நீலம் பாரித்த பச்சை. அங்கே சாலையோரக் கடை ஒன்றில், "குள்ள பைன், அபூர்வ ரகம், இதற்கு மேல் வளராது, வீட்டுத் தோட்டத்துக்கு அருமையாக இருக்கும்" என்று சொல்லி விற்றார்களாம்.

"மேடம், இது என்ன வெரைட்டின்னு மட்டும் சொல்லுங்க. பேர் தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பார்த்துக்குவேன்" என்றார்.

பேர் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பைன் விஷயத்தில் ரகத்தின் பெயர் கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். முதலில், இது பைன்தானா? அடுத்து, எந்த பைன்? மூன்றாவதாக, உண்மையிலேயே குள்ளமா, அல்லது இன்னும் வளராத குழந்தையா? இந்த வரிசையில் போனால் பாதிச் செடிகள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

ஏனென்றால் நம் பக்கத்தில் கூம்பு வடிவத்தில், மெல்லிய இலையோடு எது இருந்தாலும் பைன்தான். எங்கள் நர்சரியிலேயே நான்கு செடிகளைக் காட்டி பைன் என்று கேட்பார்கள். முதலாவது சவுக்கு. கத்தரித்துப் பந்து வடிவத்தில் வைத்த சவுக்கைப் பார்த்து, "இந்தக் குள்ள பைன் என்ன விலை?" என்று கேட்காத ஆளில்லை. சவுக்கில் ஊசி மாதிரித் தெரிவது இலையே இல்லை, அது கிளை. ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் கணுவில் 'டக்'கென்று கழன்று வரும். கழன்ற இடத்தைச் சுற்றிப் பல் வரிசையாகச் சின்னச் சின்னச் செதில்கள் இருக்கும். அவைதான் சவுக்கின் இலைகள். சவுக்கு பூக்கும் தாவரம். பைனுக்கும் அதற்கும் உறவு மிகத் தூரம்.

இரண்டாவது துஜா. ஆந்திராவில் கடியத்திலிருந்து எங்களுக்கு லோடு வரும்போதெல்லாம் அதில் துஜா இருக்கும். தட்டைக் கிளைகள் செங்குத்தாக, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இலைகள் செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டிக்கிடக்கும். காய் சாம்பல் பூத்த நீலநிறத்தில், முனையில் கொக்கிகளோடு இருக்கும். பொன்னிறம் அடிக்கும் ரகமும் உண்டு. இது சீனா, கொரியா பக்கத்து மரம். ஊசியிலைக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்ததுதான், ஆனால் பைன் இல்லை. மூன்றாவது ஜூனிபர். ஒரே செடியில் குத்துகிற ஊசியும் இருக்கும், குத்தாத செதிலும் இருக்கும். நான்காவது, நாம் எல்லோரும் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்கிற அரௌகேரியா. அதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நான்கில் எதுவுமில்லை, பைனேதான் என்று முடிவு செய்ய ஒரே ஒரு அடையாளம் போதும். பைனின் ஊசிகள் தனித்தனியாகக் கிளையில் முளைப்பதில்லை. இரண்டு, மூன்று, அல்லது ஐந்து ஊசிகள் ஒரு கொத்தாக, அடியில் காகிதம் மாதிரியான ஒரு மெல்லிய உறைக்குள் சேர்ந்து நிற்கும். உலகத்தில் 110-க்கு மேற்பட்ட பைன் இனங்கள் இருக்கின்றன. ஒற்றை ஊசியோடு வளர்வது அமெரிக்காவின் வறண்ட மலைகளில் இருக்கும் மோனோஃபில்லா பைன். மற்றவை பெரும்பாலும் இரண்டு, மூன்று, ஐந்து என்ற கணக்குக்குள் வந்துவிடும்.

இதில் எனக்கு எப்போது பார்த்தாலும் சலிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு கொத்தைப் பறித்து ஊசிகளை விரிக்காமல் சேர்த்துப் பிடித்தால், அது முழு உருண்டைக் குச்சியாக இருக்கும். இரண்டு ஊசிக் கொத்து என்றால் ஒவ்வொரு ஊசியும் அரை உருண்டை: ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் தட்டை. மூன்று என்றால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு, ஐந்து என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே கொத்து உதிர்ந்து ஒரே ஓர் ஊசி மட்டும் கையில் கிடைத்தாலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தே அது எத்தனை பேர் கூட்டத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். அரை உருண்டை தடுக்கித் தடுக்கி உருளும். ஐந்தில் ஒன்றான ஊசியில் முனைகள் விரலில் தட்டுப்படும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நர்சரிக்கு வந்தால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

சாரின் தொட்டியை வெயிலில் எடுத்து வைத்தோம். செடியின் அடிப்பகுதி முழுக்க நீலப்பச்சை ஊசிகள், சின்னதாக, ஒவ்வொன்றாக, கொத்தே இல்லாமல். அதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரர் அபூர்வ ரகம் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒற்றை ஊசி நீல பைனை யாரும் எளிதில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் நுனிப்பக்கம் வேறு கதை. கைலென்ஸை வைத்துப் பார்த்தால், மேல்பக்கத்து ஒற்றை ஊசிகளின் கக்கத்தில் பழுப்பு உறை முளைத்திருந்தது. சில உறைகளிலிருந்து பச்சை ஊசிகள் வெளியே வந்து நீண்டிருந்தன. ஒரு கொத்தைப் பறித்தேன். மூன்று ஊசிகள். என் மகளின் 15 சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்தேன். ஊசி ஸ்கேலைத் தாண்டி நின்றது.

மூன்று ஊசி என்றதுமே பட்டியல் சுருங்கிவிடுகிறது. தோட்டத்துக்கென்று உலகம் முழுக்க விற்கிற குள்ள பைன்களில் மிகப் பிரபலமானது மூகோ பைன். ஆல்ப்ஸ், கார்பேத்தியன் மலைகளின் உயரங்களில் தரையோடு படர்ந்து வளரும். அதற்கு இரண்டு ஊசி, நீளம் 3 முதல் 7 சென்டிமீட்டர். ஜப்பானியர் போன்சாய் செய்யும் கரும்பைனுக்கும் இரண்டுதான், அதன் மொட்டுகள் வெள்ளியாக மின்னும். ஜப்பானின் வெண்பைனுக்கும், கிழக்கு சைபீரியாவிலும் ஜப்பானின் உயர்மலைகளிலும் புதராகக் கிடக்கும் பூமிலா பைனுக்கும் ஐந்து ஊசி. ஊசியின் உள்பக்கத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடும். ஆகவே இந்த நான்கும் விலகிவிட்டன.

இந்தியாவில் மூன்று ஊசி பைன் என்றால் இமயமலையின் சீர் பைன், கின்னௌர் பக்கத்து வறண்ட பள்ளத்தாக்குகளில் வளரும் சில்கோசா பைன், வடகிழக்கில் காசி பைன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வனத்துறை நட்ட மெக்சிகோவின் பட்டுலா பைனுக்கும் பெரும்பாலும் மூன்றுதான், ஆனால் அதன் ஊசிகள் துவண்டு தொங்கும். செடி இமாச்சலத்தில் வாங்கியது என்பதால் சந்தேகம் சீருக்கும் சில்கோசாவுக்கும் நடுவில்தான். சில்கோசா நாம் முந்திரி, பாதாமோடு சேர்த்துக் கடையில் பார்க்கும் அந்த நீளமான விலையுயர்ந்த கொட்டையைத் தரும் மரம். அதன் ஊசி 10 சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். முக்கியமாக, அதன் ஊசிக் கொத்தின் அடியுறை சீக்கிரமே உதிர்ந்துவிடும். சீர் பைனில் உறை கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்கும், ஊசி 20, 30 சென்டிமீட்டர் வரை நீளும். என் கையில் இருந்த கொத்தில் உறை இறுகப் பிடித்திருந்தது.

சீர் பைன். டர்பன்டைனும் ரோசினும் எடுக்கப் பிசின் வடிக்கிறார்களே, அதே மரம். இமயமலை அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் வரை மலை மலையாக நிற்பது. முழுதாக வளர்ந்தால் 30 மீட்டருக்கு மேல் போகும்.

"அப்ப இது குள்ளம் இல்லையா மேடம்?" என்றார் சார்.

இல்லை. இது சின்னப் பிள்ளை. பைன் விதை முளைத்தவுடன் கொத்து ஊசி வராது. முதல் ஒன்று, இரண்டு வருஷத்துக்கு நீலம் பாரித்த ஒற்றை ஊசிகள்தான் வரும். அதற்கப்புறம் அந்த ஒற்றை ஊசிகளின் கக்கத்தில் கொத்து பிறக்கும். சீர் பைன் இந்தக் குழந்தைப் பருவத்தை மற்ற பல பைன்களைவிடக் கொஞ்சம் நீட்டித்துக்கொள்கிற இனம். மேற்கு நாடுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இத்தாலியப் பக்கத்துப் பைனியா பைனை இதே பருவத்தில் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். நீலப் பஞ்சுப் பொதி மாதிரி அழகாக இருக்கும். வாங்கிப் போனவர்களில் பலருக்கு அது பெரிய மரமாகும் என்பது தெரிந்திருக்காது. அங்கே சாலையோரத்தில் விற்றவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். காட்டிலிருந்து பிடுங்கிய கன்றைக் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்லியிருப்பார்.

உண்மையான குள்ள ரகம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. குள்ளம் என்பது இன்றைய உயரத்தைச் சொல்வதல்ல, வருஷத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்பதைச் சொல்வது. அமெரிக்க ஊசியிலைத் தாவரச் சங்கத்தின் கணக்குப்படி வருஷத்துக்கு 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்வது மினியேச்சர், 2.5 முதல் 15 வரை வளர்வது குள்ளம். 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது. எனவே 20 வருஷமாக நிற்கும் ஒரு குள்ள பைன் ஆள் உயரம் தாண்டியிருக்கலாம். இரண்டு வயதுள்ள ஒரு ராட்சச மரம் முழங்கால் உயரத்தில் இருக்கலாம். தொட்டியில் நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

குள்ள ரகங்களில் பல, பெரிய மரங்களின் உச்சியில் பிறந்தவை. ஒரு மரத்தின் ஏதோ ஒரு கிளையில் மட்டும் மொட்டில் மாற்றம் ஏற்பட்டு, அந்த இடம் குட்டைக் குட்டைக் கிளைகளோடு அடர்ந்த உருண்டையாகிவிடும். மரத்தின் மற்ற பகுதி சாதாரணமாக இருக்கும். தோட்டக்கலைக்காரர்கள் ஏறி அந்தக் கிளையை வெட்டி வந்து வேறு நாற்றின் மேல் ஒட்டுக் கட்டுவார்கள். ஸ்காட்ஸ் பைனில் பியூவ்ரோனென்சிஸ் என்று ஒரு பழைய குள்ள ரகம் இருக்கிறது, அது இப்படிப் பிறந்ததுதான். ஆகவே இந்த மாதிரி ரகங்களுக்கு அடித்தண்டில் ஒட்டுத் தழும்பு இருக்கும். ஒட்டு மாங்கன்று வாங்கிப் பழகிய நம்மவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை: தண்டு அந்த இடத்தில் சற்றுப் புடைத்து, மேலும் கீழும் பட்டையின் நிறம் மாறி இருக்கும். சாரின் செடியில் அடித்தண்டு மண்ணிலிருந்து நுனிவரை ஒரே வழுவழுப்பு. விதையில் முளைத்த கன்று. மூகோ பைனை விதையிலிருந்தும் வளர்ப்பார்கள் என்பதால் தழும்பு இல்லாததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் மூன்று ஊசி, நீண்ட ஊசி, ஒட்டில்லாத தண்டு, அடியில் ஒற்றை ஊசிகள் — எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால் அதை நம்பலாம்.

நாற்றாகவே குள்ளமாகப் பிறந்து புகழ்பெற்றதும் உண்டு. 1904-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் லகான் பகுதியில், அமெரிக்காவின் அர்னால்டு தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஜான் ஜாக், ஆல்ஃபிரட் ரேடர் இருவரும் ஒரு விசித்திரமான சிறு ஸ்புரூஸைக் கண்டெடுத்தார்கள். அச்சு வார்த்த கூம்பு. கத்தரிக்கோலே வேண்டாம். இன்று உலகம் முழுவதும் தொட்டிகளில் நிற்கும் குள்ள ஆல்பர்ட்டா ஸ்புரூஸ் முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசு. ஆனால் அதிலும் திடீரென்று ஒரு கிளை தன் பழைய சுபாவத்துக்குத் திரும்பி, தடித்த இலைகளோடு விறுவிறுவென்று மேலே போகும். அதை உடனே அடியோடு வெட்டாவிட்டால் கொஞ்ச வருஷத்தில் குள்ள மரமே காணாமல்போய்ப் பெரிய மரம் நிற்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ரகத்தின் பெயர். ஒரே ஒட்டுக்கன்று வெவ்வேறு நர்சரிகளில் வெவ்வேறு பெயரில் விற்பதும், வெவ்வேறு கன்றுகள் ஒரே பெயரில் விற்பதும் சகஜம். சீட்டு தொலைந்த குள்ள பைனுக்குப் படத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது நம்பிக்கையான வேலை இல்லை. இனத்தைச் சொல்ல முடியும், வளர்ச்சி வேகத்தைச் சொல்ல முடியும். வளர்ப்பதற்கு அந்த இரண்டும் போதும்.

சார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி மேடம், இதை குவார்ட்டர்ஸ்ல வாசல் பக்கம் வெச்சுடட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். காரணம் வெயில் மட்டுமில்லை. இமயமலைப் பைன்களில் சூட்டைத் தாங்குவதில் சீருக்கு நல்ல பெயர். மூகோ, பூமிலா மாதிரிக் குள்ளங்கள் குளிர்கால உறக்கம் இல்லாமல் நம் சமவெளியில் தேறாது. சீர் முயற்சி செய்து பார்க்கத் தகுந்தது. தடை, கால்களுக்குக் கீழே இருக்கிறது. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருப்பதே சுண்ணாம்புக்கல்லால்தான். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசலிலும் சுண்ணாம்பு சேர்ந்தே இருக்கிறது. போர்வெல் தண்ணீரும் அதே குணம். சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. சீர் போன்ற பைனில் ஊசிகள் நுனியிலிருந்து வெளுத்து மஞ்சளாகும். கரிசல் மழையில் சேறாகி வேரை மூச்சடைக்கவும் செய்யும். பைனுக்கு வேண்டியது புளிப்புச் சுவடுள்ள, தண்ணீர் தங்காத மண்.

அந்த மண் நம் மாவட்டங்களிலேயே இருக்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் செம்மண் மேடு, முந்திரிக்காடு. சாரின் மாமனார் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. "அங்கே கொண்டுபோய் ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டுவிடுங்கள். மின்கம்பியும் வீட்டுச் சுவரும் எட்டாத தூரத்தில்" என்றேன். இன்னொன்றும் அழுத்திச் சொன்னேன்: தொட்டி மண்ணைக் கழுவி எறியக் கூடாது. பைன் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் உண்டு. அவை மண்ணிலிருந்து சத்தை எடுத்து வேருக்குக் கொடுக்கும், வேர் சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கும். பைன் இல்லாத நாடுகளுக்குப் பைனைக் கொண்டுபோனவர்கள், பைன் காட்டு மண்ணையும் சேர்த்துக் கொண்டுபோன பிறகுதான் பல இடங்களில் கன்றுகள் தேறின. இமாச்சலத்து மண் அந்தத் தொட்டியோடு வந்திருக்கிறது. அதுதான் அவர் கொண்டுவந்ததிலேயே விலைமதிப்பு அதிகம்.

பிழைக்கும் என்று நான் உறுதி கொடுக்கவில்லை. நட்டிருக்கிறார். போன மாதம் படம் அனுப்பினார். நுனியில் மூன்று ஊசிக் கொத்துகள் கூடியிருக்கின்றன, நிறம் பச்சையாகவே இருக்கிறது.

அன்றைக்கே அவர் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொன்னேன். "நம்ம ஊர்ல இந்த மாதிரி மரமே கிடையாதா?"

சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பெயர் கேள்விப்பட்டிருக்கிறார், போனதில்லை. பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களிலேயே பாதிப் பேர் போனதில்லை, எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. கம்பிவேலிக்குள், பள்ளத்தில், 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓர் அடிமரம் கல்லாகிப் படுத்துக்கிடக்கிறது. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை முதலில் உலகுக்குச் சொன்னார். பிற்பாடு அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர் அவர். வரகூர், ஆனைப்பாடி பக்கங்களிலும் கல்லான மரத்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சாத்தனூர் மரத்தின் வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு என்று அந்தத் துறை குறிப்பிடுகிறது. அப்போது இந்த நிலத்தின் மேல் கடல் ஏறி நின்றது. கரையிலிருந்த மரம் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கடலடிச் சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் இழையிலும் சிலிக்கா புகுந்து கல்லாயிற்று. பூக்கும் மரங்கள் உலகத்தைப் பிடித்துக்கொள்வதற்கு முந்திய காலத்தின் ஊசியிலை மரம் அது.

கல்லானதை ஊசியிலை மரம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இலையும் இல்லை, காயும் இல்லை. மரக்கட்டையே சொல்லும். வேப்பங்கட்டையைக் கூர்மையான கத்தியால் குறுக்கே சீவி லென்ஸில் பார்த்தால் ஊசி குத்தினாற்போல் துளைகள் தெரியும். அவை தண்ணீர் ஏறும் குழாய்கள். இயந்திரங்கள் வரும் பேக்கிங் பெட்டியின் பைன் பலகையை அதேபோல் சீவிப் பார்த்தால் அந்தத் துளைகள் இருக்காது. பிசின் செல்லும் ஒருசில வழிகளைத் தவிர, ஒரே சீரான நெருக்கமான நுண்ணிழைகள்தான். ஊசியிலை மரங்களுக்குப் பெருங்குழாய்கள் கிடையாது. கல்லான மரத்தை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாக அறுத்துத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து விஞ்ஞானிகள் இதையேதான் பார்க்கிறார்கள். நர்சரியில் நான் ஊசி எண்ணுவதும் அதுவும் ஒரே வேலைதான் என்று நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் காலத்தில் இந்தியா ஆசியாவோடு சேர்ந்திருக்கவில்லை. மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டு, பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே இருந்தது. பைன் குடும்பமோ வடபாதி உலகத்தின் சொத்து. இன்றைக்கும் பூமத்திய ரேகையைத் தாண்டித் தானாக வளரும் பைன் ஒன்றே ஒன்றுதான், சுமத்ராவில் இருக்கும் மெர்குசி பைன். ஆகவே நம் மண்ணின் பழைய ஊசியிலைக் காடு பைன் காடாக இருந்திருக்க வழி இல்லை. தென்கண்டங்கள் ஒன்றாக இருந்த காலத்தின் ஊசியிலைக் குடும்பங்கள் அரௌகேரியாவும் போடோகார்பஸும். இந்தியாவின் கிழக்குக் கரையோரப் பழம்பாறைகளில் இந்த இரண்டின் சாயலுள்ள புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுக்கு முன்னால். இமயமலையில் பைன் ஏறியது அதற்குப் பிறகு நடந்த சமாச்சாரம்.

அந்தத் தென்குடும்பத்தின் ஒரு வாரிசு இன்னும் நம் மாநிலத்துக் காட்டில் இருக்கிறது. நாகேயா வாலிச்சியானா என்று பெயர், போடோகார்பஸ் குடும்பம். தீபகற்ப இந்தியாவில் தானாக வளரும் ஊசியிலை வகுப்பு மரம் இது ஒன்றுதான், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் நிற்கிறது. இலை ஊசியாக இருக்காது. நடுநரம்பே இல்லாத அகலமான இலை.

இன்னொரு உறவுக்காரர் எங்கள் நர்சரியில் ஷேடு நெட்டுக்குக் கீழே வரிசையாக நிற்கிறார்: கிறிஸ்துமஸ் மரம். நார்ஃபோக் பைன் என்று எழுதி வந்தாலும், நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் பசிபிக்கில் நியூ கலிடோனியாவைச் சேர்ந்த அரௌகேரியா கொலும்னாரிஸ். பைன் இல்லை, கிளைகள் அடுக்கடுக்காகச் சுற்றி வரும், ஊசிகளுக்குக் கொத்து கிடையாது. பெரம்பலூரில் வீட்டுக்கு முன்னால் ஓர் ஊசியிலை மரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். பைனுக்கு அடுத்தபடி என்பதற்காகக் கொடுக்கவில்லை. இந்த மண்ணில் கல்லாகிக் கிடக்கும் காலத்தோடு உறவு கொண்டாட இதற்குத்தான் உரிமை அதிகம்.

வாங்கும்போது சொல்லி அனுப்புவேன்: இதுவும் குள்ளம் இல்லை. தரையில் வைத்தால் மாடிக்கு மேல் போகும். வளர்ந்தபின் சாய்ந்து நிற்கிறதே என்று பயந்து வெட்டிவிடாதீர்கள். 2017-ல் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்த மரம் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சராசரியாக 8.55 டிகிரி சாய்கிறது, அதாவது நம் பக்கத்தில் தெற்கே. காற்றில் சாய்ந்தது என்று நினைத்துக் கயிறு கட்டி இழுத்தும் பயனில்லை.

சின்ன இடம்தான் என்றால் தொட்டியில் வைத்துக் கத்தரித்து வளர்க்கத் துஜா, கொஞ்சம் நிழல் தர முடிந்தால் போடோகார்பஸ். நீங்கள் மலையூரிலிருந்து ஏற்கனவே ஒரு 'குள்ள பைன்' வாங்கி வந்துவிட்டீர்கள் என்றால், என்ன செடி என்று கேட்க வரும்போது நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ளி வராதீர்கள். ஒரு பழைய கிளைத்துண்டு வேண்டும். ஊசிக்கொத்து அடியுறையோடு இருக்க வேண்டும். கீழே விழுந்த கூம்பு இருந்தால் அதுவும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் கிட்டத்தில் எடுத்த ஒரு போட்டோவும் வேண்டும். எந்த ஊரில், எத்தனை வருஷத்துக்கு முன்னால், எவ்வளவு உயரத்தில் வாங்கினீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியிலேயே செருகி வைத்துவிடுங்கள். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு என்பதால், மழைத்தண்ணீரைப் பிடித்து அந்தச் செடிக்கென்று ஒரு குடம் வையுங்கள்.